பப்ஸ் எப்போ போட்டது? தெருமுனைக் கடைகளில் நாம் செய்யும் தவறுகள்

“முட்டை பப்ஸ் ஃப்ரெஷ்ஷா இருக்காண்ணா?” என்று கேட்டு, “இல்லைங்க” என்ற பதிலை நான் ஒரு கடையிலும் வாங்கியதில்லை. கேள்வியிலேயே தப்பு இருக்கிறது. “எப்போ போட்டது?” என்று கேட்க வேண்டும். அதைவிட நல்லது, “அடுத்த ட்ரே எப்போ வரும்?” என்று கேட்பது. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் உண்மையான பதில்தான் வரும், ஏனென்றால் அதில் கடைக்காரர் மறைக்க எதுவும் இல்லை. “இன்னும் 20 நிமிஷம் ஆகும், ஒரு டீ குடிங்க” என்பார், நாமும் டீ குடித்தபடி காத்திருக்கலாம்.

தெருமுனை பேக்கரி, டீக்கடை, சாயங்காலமானால் வந்து நிற்கும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டி என்று எங்கே போனாலும் நாம் கடையைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், நேரத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரே கடையில் மாலை 4.30 மணிக்குக் கிடைக்கும் பப்ஸும் ராத்திரி 10 மணிக்குக் கிடைக்கும் பப்ஸும் வேறு வேறு பண்டங்கள். வயிறு கெட்டுப்போவதும், காசு கொடுத்தும் ருசி கிடைக்காமல் போவதும் பாதிக்கு மேல் நேரம் தெரியாமல் சாப்பிடுவதால்தான் என்பது என் அனுபவம்.

கோவை, திருப்பூர் பக்கம் பேக்கரி என்றாலே டீக்கடையும் சேர்ந்ததுதான். வாசலில் டீ மாஸ்டர், அவருக்குப் பின்னால் பிஸ்கட் பாட்டில்கள், அதற்கும் பின்னால் கேக் அலமாரி. அங்கே முன்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், உள்ளே மஞ்சள் பல்பு எரியும், பப்ஸ் அடுக்கியிருக்கும். அந்த பல்பை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது, அதனால் இப்போதுதான் போட்டது என்று நினைத்துவிடுகிறோம். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குள் இருக்கும் சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெதுவெதுப்பு என்பது சரியாக அதற்குள்தான் வருகிறது. உள்ளே அவித்த முட்டையும் வெங்காய மசாலாவும் மணிக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. இப்போது போட்ட பப்ஸ் என்றால் கை சுடும், மேல் மடிப்பு தொட்டதுமே உதிரும். மடிப்பு வளைந்து கொடுத்தால் அது பழசு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பன்னோ வர்க்கியோ வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமில்லாத பண்டம் அவ்வளவு சீக்கிரம் கெடாது.

டீ விஷயத்தில் தவறு சின்னதுதான். ஸ்ட்ராங், லைட், சர்க்கரை கம்மி என்பதை மாஸ்டர் ஆற்ற ஆரம்பித்த பிறகு சொல்கிறோம், அதற்குள் அவர் கலந்து முடித்திருப்பார். கிளாஸை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிற கடையாக இருந்தால், “சுடுதண்ணி ஊத்தி அலசிக் கொடுங்கண்ணா” என்று கேளுங்கள், பாய்லர் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கிளாஸுக்குப் பயந்து பேப்பர் கப்புக்கு மாறுவதும் அவ்வளவு நல்ல வழியில்லை. அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. ஐஐடி காரக்பூர் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததில், 100 மில்லி சூடான பானம் 15 நிமிஷம் பேப்பர் கப்பில் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று 2020இல் தெரியவந்தது. பிளாஸ்டிக் கவரில் சுடச்சுட டீ கட்டி வாங்கிப் போவதோ அதைவிட மோசம். ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, ஆனாலும் நாம் கேட்பதால்தான் சில கடைகளில் இன்னும் அது தொங்குகிறது. ஒரு ஃபிளாஸ்க்கோ தூக்கோ எடுத்துப் போனால் முடிந்தது.

பஜ்ஜி, போண்டாவில் எல்லோரும் எண்ணெயைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை தள்ளி, பஜ்ஜி போடும் முன்பே புகைகிறது என்றால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். காயக் காய எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதியே இருக்கிறது. ஆனால் எண்ணெயை இவ்வளவு கவனிக்கும் நாம், பக்கத்தில் தேங்காய்ச் சட்னி வைத்திருக்கும் வாளியைக் கவனிப்பதில்லை. பஜ்ஜி கொதிக்கிற எண்ணெயிலிருந்து வருகிறது, சட்னியோ மதியம் அரைத்து வெயிலில் நிற்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சட்னியை முதலில் நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், லேசான புளிப்பு தட்டினால் தட்டை அப்படியே தள்ளிவைத்துவிடுங்கள். அப்புறம், பஜ்ஜியை நாளிதழில் வைத்து எண்ணெயை ஒற்றி எடுக்கும் பழக்கம். அச்சு மை சூட்டிலும் எண்ணெயிலும் கரைந்து பண்டத்தில் ஏறும். உணவைச் செய்தித்தாளில் வைப்பதையும் மடிப்பதையும் 2018இன் உணவுப் பொட்டல விதிகளே தடுக்கின்றன. வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன, அங்கே போங்கள்.

இப்போது ஃபாஸ்ட் ஃபுட் வண்டி. இங்கேதான் நாம் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், வேறு எதற்கோ பயப்படுகிறோம். “அஜினோமோட்டோ போடாதீங்க” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடும் நண்பர்கள் எனக்கு நிறைய. 1908இல் ஜப்பானில் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. தக்காளியிலும் அதே குளூட்டமேட் இருக்கிறது. சமையல் உப்பில் இருக்கும் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதில். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் வண்டியில் நீங்கள் பார்க்க வேண்டியது அடுப்புக்குக் கீழே இருக்கும் சாதப் பாத்திரத்தை.

ஃபிரைடு ரைஸுக்கு ஆறிய சாதம்தான் வேண்டும், சூடான சாதம் கடாயில் குழைந்துவிடும். அதனால் முன்கூட்டியே வடித்து வைப்பது ஏமாற்று வேலை இல்லை, அது தொழில். சிக்கல் எங்கே என்றால், அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதம் வேகும்போது சாகாது. வடித்த சாதம் வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. கடாயில் தீ எவ்வளவு உயரம் எழுந்தாலும், சாதம் எவ்வளவு படபடவென்று குதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பித்தால் பெரும்பாலும் சிக்கன்மேல் பழி போடுவோம், சாதத்தை யாரும் நினைப்பதில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தின் வெளியே ராத்திரி 11.30 மணிக்கு, வண்டியைக் கட்டப் போகும் நேரத்தில், கெஞ்சிக் கேட்டு ஒரு முட்டை ஃபிரைடு ரைஸ் வாங்கிச் சாப்பிட்டேன். அடிப்பாத்திரத்தைச் சுரண்டித்தான் போட்டார். பேருந்து கிளம்பி 2 மணி நேரத்தில் நடுவழியில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அன்றிலிருந்து கடை கட்டும் நேரத்தில் சாதம் கேட்பதில்லை. நூடுல்ஸோ, கண்ணெதிரே உடைத்து ஊற்றும் ஆம்லெட்டோ போதும்.

இதே கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். 8 மணிக்கு வாங்கிய பார்சலை மேசையிலேயே வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவது நியாயமே இல்லை. மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

நிறத்தையும் பாருங்கள். சில்லி சிக்கனோ கோபி மஞ்சூரியனோ விரலில் ஒட்டிய சிவப்பு கழுவியும் போகவில்லை என்றால் அது மிளகாய்த்தூள் இல்லை. கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் போடவே தடை கொண்டுவந்தார்கள், நம் ஊரில் அதற்கு முந்தைய மாதம் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது, அதில் துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் கலந்திருந்தது. மயோனைஸும் அப்படித்தான். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை செய்தது, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் காரணம். தடைக் காலம் முடிந்தால் கிருமி ஒன்றும் மாறிவிடப் போவதில்லை. “முட்டை போடாததா?” என்று ஒரு வார்த்தை கேட்பதில் என்ன இருக்கிறது, கடைக்காரர் தடுமாறினால் அதை விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சென்னைக்கு வருகிறவர்களிடம் நான் ஆசையாகச் சொல்லும் நூடுல்ஸ் வேறு ஒன்று. பாரிமுனையில் பர்மா பஜார் பக்கம் சாயங்காலம் கிடைக்கும் அத்தோ. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் செய்யும் தவறு, சூடாக வேண்டும் என்று கேட்பது. அது தாளித்து வதக்குகிற பண்டம் இல்லை. அவித்த நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டும் அதன் எண்ணெயும், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அந்த சூப்பை வேண்டாம் என்று தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், நூடுல்ஸின் காரத்துக்கும் புளிப்புக்கும் நடுவே அதைக் குடிக்க வேண்டும். பார்சலும் கட்டாதீர்கள், வீட்டுக்குப் போவதற்குள் பேஜோ ஊறி மொறுமொறுப்பு போய்விடும். கையால் பிசைகிற பண்டம் என்பதால் ஒன்றை மட்டும் நின்று பாருங்கள்: பிசைகிற கையே காசும் வாங்குகிறதா, இல்லை காசு வாங்க வேறு ஆள் இருக்கிறாரா. இரண்டாவது வகைக் கடையில் உட்காருங்கள். 6 மணிவாக்கில் போய்விட்டால் வெங்காயமும் கோஸும் அப்போதுதான் நறுக்கியதாக இருக்கும்.

நாம் நடந்துகொள்வதிலும் சில தவறுகள் உண்டு. ஒரே அடுப்பு, ஒரே மாஸ்டர், முன்னால் 10 பேர் நிற்கும்போது ஒரு தட்டுக்கு நாலு மாற்றம் சொல்வது எல்லோருக்கும் கஷ்டம். 12 ரூபாய் டீக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டுவதும், யு.பி.ஐ.யில் போட்டுவிட்டு ஸ்பீக்கர் சொல்லும் முன்பே நகர்வதும் வேண்டாம். தட்டு எடுக்கும் பையனை “டேய்” என்று கூப்பிடாதீர்கள், “தம்பி” என்றால் போதும்.

கடைசியாக, ஏதாவது சரியில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள். பேசாமல் காசு கொடுத்துவிட்டு வந்து, ராத்திரி போனில் ஒற்றை நட்சத்திரம் போடுவதால் அன்றைக்கு நமக்குப் பின்னால் சாப்பிட்டவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. உடம்பு நிஜமாகவே கெட்டுப்போனால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யலாம், அதற்குக் கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உரிம எண் உதவும். ஆனால் பெரும்பாலான நாள்களில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. போன சித்திரையில் நான் வழக்கமாகப் போகும் கடையில் சட்னி லேசாகப் புளித்திருந்தது. யாருக்கும் கேட்காமல் மாஸ்டரிடம் போய், “அண்ணா, சட்னி ஒரு தடவை பாத்துக்கங்க” என்றேன். கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கொட்டிவிட்டு வந்தார். அடுத்த ஈடு பஜ்ஜியை வெங்காயமும் மிளகாயும் நறுக்கித் தூவிக் கொடுத்தார்.