அல்டோபிராண்டினித் திருமணம்: மூலத்தையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ரோமின் எஸ்குவிலின் குன்றில் 1601 அளவில் கண்டெடுக்கப்பட்ட, 'அல்டோபிராண்டினித் திருமணம்' எனப்படும் பண்டைய ரோமானியச் சுவரோவியம் இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசேன் வரைந்ததாகக் கருதப்படும் அதன் நகலோ அதே நகரின் டோரியா பம்பிலி காட்சிக்கூடத்தில் இருக்கிறது.

முதலில் மூலத்தின் தெளிவான நிழற்படத்தில் பத்து உருவங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில், முக்காடிட்ட மணமகள் கட்டிலில் தயங்கி அமர்ந்திருக்க, அரை ஆடையுடன் அருகிலிருக்கும் காதல் தெய்வம் வீனஸ் அவளைத் தேற்றுகிறாள்; இடப்புறம் தூணில் சாய்ந்தவள் சிப்பியில் நறுமண எண்ணெய் வார்க்கிறாள்; கட்டிலருகே மாலை சூடிய திருமண தெய்வம் ஹைமன் காத்திருக்கிறான். இரு ஓரங்களிலும் மும்மூவர் நிற்கின்றனர். இவர்கள் தெய்வங்களா மனிதர்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுவதால், பெயர்களை உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டாம்.

பிறகு நகலை எடுத்து, உருவங்களின் எல்லைக்கோடுகளை இடமிருந்து வலமாகத் தொடருங்கள். முகபாவனையைவிட ஆடை மடிப்புகளும், உருவங்களுக்கு இடையிலான வெற்றிடமும்தான் அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் விரைந்து இழுத்த தூரிகைத் தடங்கள், எண்ணெய் வண்ணத்தில் எவ்வளவு திடமாகின்றன என்பதையும் கவனியுங்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு: மூலம் கண்டெடுக்கப்பட்ட பின் செய்யப்பட்ட சீரமைப்புப் பூச்சு 19ஆம் நூற்றாண்டில் அகற்றப்பட்டதால், நகலில் காணும் வேறுபாடு ஒவ்வொன்றையும் ஓவியரின் கற்பனை என்று கொள்ளக்கூடாது. அவர் கண்டது இன்று நாம் காணும் சுவர் அல்ல.

1624இல் ரோமுக்கு வந்த பூசேனின் பிற்கால ஓவியங்களில் பக்கவாட்டாக வரிசைகொள்ளும் மாந்தர்களை அடுத்துப் பாருங்கள்.