கேமரா மாத்திரை விழுங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேப்சூல் எண்டாஸ்கோபி என்பது கேமரா உள்ள மாத்திரையை விழுங்கவைத்துச் சிறுகுடலைப் படம்பிடிக்கும் பரிசோதனை. அதற்கான மாத்திரை ஏறக்குறைய 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. தடிமன். சிறுகுடலை ஒரே ஒரு தடவைதான் கடக்கும். நிறுத்திக் கழுவிப் பார்க்கவோ, பின்னால் திருப்பவோ முடியாது. அதனால் பரிசோதனை கெடுவது பெரும்பாலும் முந்தைய நாட்களில்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, குடல் எங்காவது சுருங்கிக் குறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் விழுங்குவது. குடல் காசநோய், கிரோன்ஸ் நோய் (நீண்டகாலக் குடல் அழற்சி), வயிற்றில் பழைய ஆபரேஷன், நெடுநாள் வலி மாத்திரை: இதில் எது இருந்தாலும் கேமரா மாத்திரை சிக்கிக்கொள்ளலாம். சிக்கினால் எண்டாஸ்கோபியிலோ ஆபரேஷனிலோதான் எடுக்க வேண்டிவரும். சாப்பிட்டதும் வயிறு உப்பி, பிடித்துப் பிடித்து வலித்து, வாந்தி எடுத்தால் தானாகத் தணிகிறதா? அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதலில் சிடி எடுப்பார்கள், அல்லது தானே கரையும் சோதனை மாத்திரையைக் கொடுப்பார்கள். பெங்களூரில் பரிசோதனைக்குப் போகும்போது கன்னடமோ ஆங்கிலமோ தடுமாறினால், செய்துகொண்ட ஆபரேஷன், சாப்பிடும் மருந்து விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள், தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

அடுத்தது இரும்புச்சத்து மாத்திரை. ரத்தசோகைக்காக இந்தப் பரிசோதனைக்கு வருபவர்களில் பலரும் அதைச் சாப்பிடுபவர்கள். குடல் சுவரில் கருப்பாகப் படிந்து, ரத்தக்கசிவை மறைத்துவிடும். டாக்டரிடம் கேட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

காலையில் 'ஒரு வாய் ஃபில்டர் காபிதானே' என்பதும் தவறுதான். பால் கலந்த எதுவும் குடலில் கலங்கலாக நிற்கும். பேதி மருந்துக் கரைசலைப் பாதியில் விட்டாலும் இதே கதி. சர்க்கரை நோயாளிகள் பட்டினி நாளில் மாத்திரை, இன்சுலின் அளவைத் தாங்களே முடிவு செய்யக் கூடாது. அவர்களுக்கு இரைப்பை மெதுவாக இயங்கினால் கேமராவின் பேட்டரி அங்கேயே தீர்ந்துவிடலாம். விழுங்கியதும் படுக்காமல் நடமாடுங்கள். மாத்திரை சிறுகுடலுக்குள் போய்விட்டதா என்று, படங்களைப் பதிவு செய்யும் ரெக்கார்டரின் திரையில் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக 2 மணி நேரம் கழித்துத் தெளிந்த நீர், 4 மணி நேரம் கழித்து இட்லி போல லேசாக ஏதாவது சாப்பிடலாம்.

ரெக்கார்டருக்காக மாட்டிவிடும் இடுப்பு பெல்ட்டை நடுவில் கழற்றாதீர்கள். ரெக்கார்டர் விளக்கு சிமிட்டுவது நின்றால் உடனே போன் செய்யுங்கள். மாத்திரை வெளியேறியது உறுதியாகும்வரை எம்ஆர்ஐ அறைப் பக்கமே போகக் கூடாது. 2 வாரத்தில் வெளியே வந்ததைப் பார்க்கவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.