வால்பாறைக்குப் போகிறீர்களா? இரண்டு இரவாவது தங்குங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் பிள்ளைகளுக்கு மலை காட்ட வேண்டுமென்றால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். கடைத்தெருவும் படகுச் சவாரியும் போதுமென்றால் அதுவே சரி. காட்டு விலங்குகளையும் பறவைகளையும் அவை வாழும் இடத்திலேயே பார்க்க ஆசைப்பட்டால், நான் வால்பாறையைத்தான் சொல்வேன்.

கோவை மாவட்டத்தில், ஆனைமலையின் மேலே, ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில், சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலை விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். 1890களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டிக் காபியும் தேயிலையும் நட்டார்கள். வெட்டுக்குத் தப்பிய சோலைத் துண்டுகள் எஸ்டேட்டுகளுக்கு நடுவிலும் ஆற்றோரங்களிலும் இன்னும் நிற்கின்றன. யானை, காட்டுமாடு, சிங்கவால் குரங்கு, பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை எல்லாம் அந்தத் துண்டுகளை நம்பித்தான் இங்கே நடமாடுகின்றன. அதனால் இங்கே சஃபாரி ஜீப்பைத் தேட வேண்டாம். தேயிலையும் சோலையும் சேரும் ஓரமாகப் பார்த்து, விடிந்ததும் சாலையோரத்தில் பேசாமல் நின்றாலே போதும். காலையில் பொள்ளாச்சியில் ஏறி, ஐந்தாறு வியூ பாயிண்டில் போட்டோ எடுத்து, மாலையில் இறங்கிவிடுபவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

எப்போது வரலாம்? கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. அப்போது இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். பக்கத்திலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. மூடுபனியும் தவளைச் சத்தமும் பிடிக்கும் என்றால் தாராளமாக வாருங்கள். ஆனால் பறவை பார்க்க முடியாது, சாலையில் மண் சரிந்தால் ஒரு நாள் வீணாகும். கிறிஸ்துமஸ், பொங்கலை ஒட்டி வருபவர்களுக்கு வானம் தெளிவாக இருக்கும், இரவில் கம்பளிச் சட்டை வேண்டும். இருவாச்சிக்காகவே வருவதென்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை.

கோவை விமான நிலையத்தில் இறங்கிப் பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக ஏறுவதுதான் வழக்கமான பாதை. பொள்ளாச்சியிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஊட்டி, கொடைக்கானலுக்கு உள்ள அதே இணையதளம்தான், புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோகாதீர்கள். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். வயதான பெற்றோருக்கு வயிற்றைப் பிரட்டும், வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பகலிலேயே மேலே போய்விடுவது முக்கியம்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். எல்லாரும் கீழே ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திரும்பி மேலே பாறையைப் பாருங்கள். பொதுவாக உயர்ந்த புல்வெளிகளை விட்டு இறங்காத வரையாடு இங்கே சாலையோரத் தடுப்புச்சுவர் வரைக்கும் வரும். முதிர்ந்த கிடாயின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளி நிறப் பட்டை தெரியும். நம் மாநில விலங்கு; மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 என்றார்கள். பக்கத்தில் வருகிறதே என்று பிஸ்கட் நீட்டாதீர்கள், தயவுசெய்து.

இதே வேண்டுகோள் புதுத்தோட்டத்துக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஊருக்கு மிக அருகிலுள்ள அந்தச் சோலைத் துண்டில்தான் சிங்கவால் குரங்குகளை எளிதாகப் பார்க்கலாம். கறுத்த உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிச் சடை, வால் நுனியில் குஞ்சம். இங்குள்ள இன்னொரு கறுப்புக் குரங்கான கருமந்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதற்குத் தலைமயிர் பழுப்பு, வாலும் மிக நீளம். இயல்பில் மர உச்சியை விட்டு இறங்காத பிராணி சிங்கவால் குரங்கு. காடு துண்டுபட்டதால் சாலையைக் கடக்கிறது, வீட்டுக்குள் நுழைகிறது, வண்டியில் அடிபட்டுச் சாகிறது. மரத்துக்கு மரம் தாவ ஏதுவாகச் சாலைக்கு மேலே பாலங்கள் கட்டிவிட்டிருக்கிறார்கள். தலை நிமிர்ந்து பார்த்தால் தெரியும். தின்பண்டம் கிடைக்கும் என்று பழகிய குரங்கு வண்டிச் சத்தம் கேட்டதும் இறங்கி வருகிறது. நீங்கள் போடும் ஒரு சிப்ஸ் பாக்கெட் அடுத்த வண்டிக்கு அடியில் அதைக் கொண்டுபோய் விடும். வண்டியைத் தள்ளி நிறுத்தி, பலாவோ அத்தியோ பழுத்த மரத்தைக் கண்டுபிடித்து, எதிர்ப்பக்கம் நில்லுங்கள். பலாப்பழத்தைக் கிழித்து, சுளையை உருவி, கொட்டையைத் துப்பிக்கொண்டே அடுத்ததற்குக் கை போகும். தாயின் வயிற்றைப் பற்றித் தொங்கும் குட்டியும் ஒரு நாரை இழுத்துப் பார்க்கும். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

பெரிய இருவாச்சியைக் கண்ணால் பார்க்கும் முன் காதால் கேட்பீர்கள். பழைய ரயில் எஞ்சின் நீராவி விடுவதுபோல் சிறகோசை தலைக்கு மேலே போகும். கூடு கட்டும் காலத்தில் பெட்டை முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் போய், வாசலைத் தன் எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீற்று மட்டும் விடும். பிறகு வாரக்கணக்கில் ஆண் கொண்டுவரும் அத்திப்பழம் முதலானவைதான் அதற்கும் குஞ்சுக்கும் உணவு. மரத்தடியில் ஆட்கள் நின்றால் ஆண் வராது, உள்ளே இருப்பவை பட்டினி. ஆகவே கூடு எங்கே என்று யாரையும் கேட்காதீர்கள்; பழ மரத்தில் பார்ப்பதே நியாயம்.

யானை விஷயத்தில் ஊர்க்காரர்களை அப்படியே பின்பற்றுங்கள். யானை அருகில் இருந்தால் உயர்ந்த கம்பங்களில் சிவப்பு விளக்கு மினுக்கும். கைப்பேசியிலிருந்தே அதை எரியவைக்கும் ஏற்பாடு உண்டு, குறுஞ்செய்தியும் போகும். இந்த ஏற்பாட்டில் முன்னின்ற காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல், இயற்கைப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் தரப்படும் விட்லி விருது கிடைத்தது. காலையில் இலை பறிக்கப் போகும் அக்காக்களிடம் ‘யானை எந்தப் பக்கம்?’ என்று கேளுங்கள். எந்த வழிகாட்டியையும்விடத் துல்லியமாகச் சொல்வார்கள். இலங்கை மலையகத்தில் வேர் உள்ள குடும்பங்களுக்கு தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் இந்த லைன் வீடுகளும் கொழுந்துக் கூடைகளும் மிகவும் நெருக்கமாகத் தெரியும்.

இருட்டிய பிறகு வெளியே வேண்டாம். சிறுத்தை எஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதனிடம் குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர் இந்த லைன் வீடுகளில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளை அந்தி நேரத்தில் தேயிலைப் புதரோரம் விளையாட விடாதீர்கள். ‘நைட் சஃபாரி’ என்று டார்ச் அடித்துக் கூட்டிப்போகிறேன் என்பவர்களை மறுத்துவிடுங்கள், அது சட்டவிரோதம். ஆறுகளில் குளிப்பதும் அப்படித்தான் யோசிக்க வேண்டிய விஷயம். மேலே அமைதியாக இருக்கும், அடியில் திடீரென்று ஆழம்.

சில்லறை விஷயங்கள். அட்டை கடித்தால் வலிக்காது, ரத்தம் மட்டும் நிற்க நேரமாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மழைக்காலத்தில் சோலைக்குள் இறங்காமல் இருப்பது நல்லது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களைத் தங்கவைத்தால் விடுதிக்காரர் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். சின்னஞ்சிறு ஹோம்ஸ்டேக்களில் அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் கையில் வையுங்கள், சரணாலய நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்குள்ளதுதான். மலையேற்றப் பழக்கத்தில் செயற்கைக்கோள் தொலைபேசி, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளைக் கொண்டுவராதீர்கள். அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால் கைது வரைக்கும் போகும். ட்ரோனையும் வீட்டிலேயே விடுங்கள். தேயிலைத் தோட்டம் தனியார் நிலம், கேட்டுவிட்டு இறங்குங்கள்.

திரும்பும்போது கொச்சியில் விமானம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் வந்த வழியே இறங்க வேண்டாம். சோலையாறு அணை, மளுக்கப்பாறை வழியாக வாழச்சால், அதிரப்பள்ளிக்கு ஒரு காட்டுச் சாலை போகிறது. தென்னிந்தியாவின் நான்கு வகை இருவாச்சிகளும் வாழச்சால் காட்டில் உண்டு. சோதனைச் சாவடிகள் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும், வழியில் கடை கண்ணி இல்லை. காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.