சுற்றுச்சூழல் ஆராய்ச்சிக்கு அரசு ஃபெல்லோஷிப்: நெல்லைப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

தாமிரபரணியின் நீர்த்தரம், முண்டந்துறைக் காடு, கூந்தன்குளத்துப் பறவைகள், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள், தேரி மணல். சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்டம் செய்ய நினைக்கும் பிள்ளைக்குத் திருநெல்வேலிச் சீமையில் தலைப்புக்குப் பஞ்சமில்லை. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி சுற்றுச்சூழல் மையமே இருக்கிறது. பஞ்சமெல்லாம் பணத்துக்குத்தான்.

அந்தப் பணத்தையும் அரசு ஒதுக்கி வைத்திருக்கிறது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அப்புறம் எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆகி 42,000. மொத்தம் 5 ஆண்டுகள் வரை வரும், வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை. மதிப்பெண் போதாமல் இது கிடைக்காமல் போவது ஒரு பக்கம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மதிப்பெண் இருந்தும் ஒரு சான்றிதழாலோ, சேர்ந்த கல்லூரியாலோ, தப்பிப்போன ஒரு பருவமழையாலோ கையைவிட்டுப் போவதுதான் வயிற்றெரிச்சல். அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

எந்தத் தேர்வு?

முதல் குழப்பம் இங்கேயே. ஜேஆர்எஃப்புக்கு எழுத வேண்டியது நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதை யுஜிசி பெயரில் ஒன்று, சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) பெயரில் ஒன்று என்று இரண்டாக நடத்துகிறார்கள். சிஎஸ்ஐஆர் நெட்டில் மொத்தம் ஐந்தே பாடங்கள்: வேதியியல், இயற்பியல், கணிதம், உயிர் அறிவியல், அப்புறம் புவி-வளிமண்டல-கடல்-கோள் அறிவியல். சுற்றுச்சூழல் அறிவியல் அதில் இல்லை. அது இருப்பது யுஜிசி நெட்டில், பாட எண் 89. எம்.எஸ்சி சுற்றுச்சூழல் அறிவியல் படித்துவிட்டு, 'அறிவியல் என்றால் சிஎஸ்ஐஆர்தான்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு உயிர் அறிவியல் தாளோடு ஒன்றிரண்டு வருடம் மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தாவரவியலோ விலங்கியலோ படித்தவர்கள் இரண்டையும் எழுதலாம், தடையில்லை. சுற்றுச்சூழல் பட்டதாரிக்கு 89-தான் சொந்த வீடு.

யுஜிசி நெட்டில் பேப்பர் 1-க்கு 50 கேள்விகள், 100 மதிப்பெண். பாடத்தாளான பேப்பர் 2-க்கு 100 கேள்விகள், 200 மதிப்பெண். இரண்டும் ஒரே அமர்வில், 3 மணி நேரம். ஜேஆர்எஃப் முடிவாவது இரண்டும் சேர்ந்த மொத்தத்தில். நம் பிள்ளைகள் பேப்பர் 2-க்கு உயிரைக் கொடுத்துப் படித்துவிட்டு, கற்பித்தல் திறன், தர்க்கம், தரவு விளக்கம் எல்லாம் வரும் பேப்பர் 1-ஐக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். அந்தப் பேப்பர் 1-இலேயே 'மக்கள், வளர்ச்சி, சுற்றுச்சூழல்' என்று ஓர் அலகு இருக்கிறது. சுற்றுச்சூழல் படித்தவருக்கு அது சும்மா வரும் மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால், ஒரு கேள்வியையும் விடாமல் தொட்டுவிட்டு வாருங்கள்.

2024 ஜூனிலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப் தகுதி, உதவிப் பேராசிரியர் மற்றும் பிஎச்.டி சேர்க்கைத் தகுதி, பிஎச்.டி சேர்க்கைக்கு மட்டுமான தகுதி. பின்னிரண்டுக்கும் ஜேஆர்எஃப் பணம் கிடையாது. பிஎச்.டி சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். 'நெட் பாஸ்' என்று தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது தர்மசங்கடம். முடிவுத்தாளை ஒருமுறை நிதானமாக வாசித்துவிடுங்கள்.

முனைவர் பட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. எம்.எஸ்சி படிப்பவர்களுக்கு யுஜிசி-யின் தேசிய முதுநிலை உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதம். இளநிலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். ஆனால் முதலாம் ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும். இரண்டாம் ஆண்டில் கேள்விப்பட்டுப் பயனில்லை. பொறியியல்காரர்களுக்கு கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் என்று தனித்தாள் வந்துவிட்டது. அந்த மதிப்பெண்ணோடு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள இடத்தில் எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400.

சான்றிதழ்

இங்கேதான் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள். தமிழ்நாட்டில் நாம் வைத்திருப்பது பிசி, எம்பிசி என்று போட்ட சாதிச் சான்றிதழ். மாநில அரசு வேலைக்கு அது போதும். மத்திய அரசின் தேர்வுக்கும் உதவித்தொகைக்கும் கேட்பது ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்), அதிலும் 'கிரீமி லேயர் அல்லாதவர்', அதாவது வசதி வரம்பைத் தாண்டாதவர், என்ற சான்றிதழ். இது வேறு படிவம், இ-சேவை மையத்தில் வேறு விண்ணப்பம். பிசி சான்றிதழைப் பதிவேற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் பொதுப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு நிற்கிறார்கள். பொதுப்பிரிவு கட்-ஆஃப் தாண்டவில்லை என்றால் ஜேஆர்எஃப் அத்தோடு சரி.

இதில் இன்னொரு பயம், 'அப்பாவுக்கு வருமானம் அதிகம், நமக்குக் கிடைக்காது' என்பது. வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அந்த 8 லட்சத்தைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. சம்பளக்காரர் வீட்டில் பார்ப்பது அவர் எந்த நிலைப் பதவியில் இருக்கிறார் என்பதைத்தான். களக்காட்டில் வாழை போட்டு ஒரு வருடம் நல்ல விலை கிடைத்ததற்காக மகள் கிரீமி லேயர் ஆகிவிட மாட்டாள். இது தெரியாமல் விண்ணப்பிக்கவே விண்ணப்பிக்காதவர்கள் உண்டு. சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதையும் தேர்வு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கோப்பு போய்வர நாளாகும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் ஆரம்பித்தால் நேரம் போதாது.

பாளையங்கோட்டை, நாசரேத், டோனாவூர் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். 1950-ஆம் ஆண்டு அரசாணைப்படி மத்திய அரசு பார்வையில் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே எஸ்சி. ஆகவே மத்திய அரசின் எஸ்சி ஃபெல்லோஷிப் இவர்களுக்குப் பொருந்தாது. அதில் விண்ணப்பித்துச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வதைவிட, மத்திய ஓபிசி பட்டியலில் தங்கள் பிரிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து அந்த வழியில் போவதுதான் சரி. மாநில ஆதிதிராவிடர் நலத்துறை தரும் முழுநேர முனைவர் பட்ட ஊக்கத்தொகை, ஆண்டுக்கு 1 லட்சம், மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் உண்டு. இது தெரியாமல் விட்டவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

நெட் விண்ணப்பத்தை நிரப்பும்போதே எஸ்சி, ஓபிசி தேசிய ஃபெல்லோஷிப்புக்கு உங்களைக் கருத வேண்டுமா என்று கேட்கும் இடத்தையும் தாண்டிப் போய்விடாதீர்கள். பிரவுசிங் சென்டர் அண்ணன் வேகமாக நிரப்பிக்கொண்டு போவார். நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும்.

வயது விஷயத்தில் பெண்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஜேஆர்எஃப் வரம்பு 30. பெண்களுக்கு, எந்தப் பிரிவாக இருந்தாலும், 5 ஆண்டு தளர்வு உண்டு. திருமணம், குழந்தை, தனியார் பள்ளி வேலை என்று நாலைந்து வருடம் போன பிறகும் 33 வயதில் ஒரு பெண் விண்ணப்பிக்கலாம். வீட்டில் உடன்பிறப்பு இல்லாத ஒரே பெண் பிள்ளையாக இருந்தால் யுஜிசி-யின் சாவித்ரிபாய் ஜோதிராவ் பூலே ஃபெல்லோஷிப் இருக்கிறது. அதற்கு நெட் தேவையில்லை, வயது வரம்பு பொதுப்பிரிவுக்கே 40.

பழைய பட்டியல்

வாட்ஸ்அப்பில் சுற்றும் உதவித்தொகைப் பட்டியல்களில் மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் இன்னும் இருக்கிறது. அதை மத்திய அரசு 2022-23-இல் நிறுத்திவிட்டது. மேலப்பாளையத்துப் பிள்ளைகள் அதைத் தேடிக் காத்திருக்க வேண்டாம். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் பிரிவுகள் மத்திய ஓபிசி பட்டியலில் இருப்பதால், ஓபிசி தேசிய ஃபெல்லோஷிப்பைப் பாருங்கள்.

அதேபோல 'முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம்' என்ற பெயரைப் பார்த்து அது பிஎச்.டி உதவித்தொகை என்று நினைத்துவிடாதீர்கள். அது மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து களத்தில் வேலை பார்க்கும் 2 ஆண்டுப் பணி. நல்ல வாய்ப்புதான், ஆனால் ஆய்வேட்டோடு சேர்த்துச் சுமக்க முடியாது.

சேரும் இடம்

ஜேஆர்எஃப் வாங்கியவர் எந்தக் கல்லூரியில் வேண்டுமானாலும் சேர்ந்துவிட முடியாது. யுஜிசி சட்டத்தின் 2(எஃப்), 12(பி) இரண்டு பிரிவுகளிலும் அந்தக் கல்லூரி இருக்க வேண்டும். முதலாவது அங்கீகாரம், இரண்டாவது மத்திய நிதி பெறும் தகுதி. 2(எஃப்) மட்டும் உள்ள கல்லூரிகளும் இருக்கின்றன. கல்லூரியை வழிகாட்டிக்காகவோ வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவோ தேர்ந்தெடுப்பது இயல்புதான். அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சேருங்கள்: '12(பி) இருக்கிறதா, கடிதத்தைக் காட்ட முடியுமா?' முழுநேரமாகப் பதிவு செய்யுங்கள். பகுதிநேரத்துக்கு இந்தப் பணம் வராது. ஜேஆர்எஃப் கடிதத்துக்கும் ஆயுள் உண்டு. யுஜிசி கடிதம் என்றால் வழக்கமாக 3 ஆண்டு, சிஎஸ்ஐஆர் என்றால் 2 ஆண்டு. நல்ல வழிகாட்டி கிடைக்கட்டும் என்று அதுவரை இழுத்தடிக்காதீர்கள்.

'ஜேஆர்எஃப் தேவை' என்று பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்வது பெரும்பாலும் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கான ஆள் எடுப்பு. பெயர் ஒன்றுதான். அந்தத் திட்டம் முடிந்தால் சம்பளமும் முடிந்தது.

காடும் பருவமும்

மற்ற துறைகளுக்கு இல்லாத, சுற்றுச்சூழல் மாணவர்களுக்கே உரிய தவறு இது. களக்காடு-முண்டந்துறை 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். உள்ளே ஆராய்ச்சிக்குப் போக வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் சென்னைக்குப் போகும், கள அலுவலர்களின் கருத்தைக் கேட்டு இறங்கி வரும், மறுபடி ஏறும். மாதங்கள் ஆகும். மாதிரி எடுக்கப் போகிறீர்களா, கேமரா வைக்கப் போகிறீர்களா, எத்தனை பேர், எந்தச் சரகம் என்று தெளிவாக எழுதாத விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பும். அதற்கு இன்னும் சில மாதம்.

ஃபெல்லோஷிப் கடிகாரமோ சேர்ந்த நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடும். ஜூலையில் சேர்ந்த ஒருவர் கோர்ஸ் ஒர்க் (பிஎச்.டி-யின் தொடக்கப் பாடங்கள்) முடியட்டும் என்று டிசம்பர் வரை காத்திருந்து ஜனவரியில் அனுமதிக்கு விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். கடிதம் கைக்கு வரும்போது கோடை. மலையில் தென்மேற்குப் பருவம் தொடங்க ஒரு மாதம்கூட இருக்காது, ஆயத்தமும் இல்லை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும் நாட்களில் அந்தப் பக்கம் ஆற்றில் எடுக்கும் நீர் மாதிரியும் வழக்கமான நிலையைக் காட்டாது. திருவிழாவின் தாக்கமே உங்கள் தலைப்பு என்றால் சரி. தாமிரபரணிக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு சுற்றும் வேண்டும். ஒரு சுற்று தவறினால் ஒரு வருடம் போய்விடும். கூந்தன்குளமும் அப்படித்தான். வரித்தலை வாத்து குளிர்காலத்தில்தான் வரும், உங்கள் கோப்புக்காக மே மாதம் வரை இருக்காது.

ஆகவே சேர்ந்த முதல் மாதத்திலேயே அனுமதிக்கு எழுதுங்கள். தலைப்பை அமைக்கும்போதே அதில் ஒரு பகுதியைக் காப்பகத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்: பாபநாசத்துக்குக் கீழே உள்ள கால்வாய்கள், குளங்கள், மருதூர் அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டம், புன்னைக்காயல் முகத்துவாரம். அனுமதி வரும்வரை கையில் தரவு சேர்ந்துகொண்டிருக்கும்.

பணம் வந்த பிறகு

மாதாமாதம் முதல் தேதி கணக்கில் விழும் சம்பளம் இல்லை இது. நீங்கள் ஆய்வில் இருக்கிறீர்கள் என்று கல்லூரி ஒவ்வொரு மாதமும் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஒருவர் பதிவிட, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் உங்கள் பணம் நிற்கும். அந்த இருவர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்து வையுங்கள், மாதக் கடைசியில் போய் ஒரு வணக்கம் வையுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பையும் சரிபாருங்கள். சில மாதத் தொகை சேர்ந்து வரும் காலமும் உண்டு என்பதால், இதை நம்பி பைக்குக்கு இஎம்ஐ போடாதீர்கள்.

கல்லூரி விடுதியில் தங்கிக்கொண்டு வீட்டு வாடகைப்படி கேட்கக் கூடாது. ஆய்வுச் செலவுக்கென்று தனியாகத் தரும் செலவினத் தொகை அறிவியல் மாணவருக்கு முதல் 2 ஆண்டு வருடம் 12,000, பிறகு 25,000. ரசாயனமும் களப்பயணமும் அதற்குள் அடங்காது என்பது உண்மைதான். ஆனால் இருப்பதையும் பில் இல்லாமல் விடுகிறார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து வண்டி பிடித்தால் அன்றைக்கே ரசீது வாங்குங்கள்.

இரண்டாம் ஆண்டு முடியும் முன்பே எஸ்ஆர்எஃப் உயர்வுக்கான மூன்று பேர் குழுவைக் கூட்டச் சொல்லி வழிகாட்டியை நச்சரியுங்கள். வெளி நிபுணரின் தேதி கிடைப்பதுதான் அதில் கஷ்டம்.

கடைசியாக ஒன்று. ஜேஆர்எஃப் வாங்கிக்கொண்டே பக்கத்துக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகவோ தனியார் கோச்சிங் சென்டரிலோ சம்பளத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 'யாருக்குத் தெரியப் போகிறது' என்பார்கள். அந்த நினைப்பு வேண்டாம். நிரந்தர வேலை கிடைத்தால் சேரும் நாளுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து ஃபெல்லோஷிப்பை விட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்து வந்த மாதங்களின் தொகையைப் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.