இரண்டு பிளேடு, கொஞ்சம் கரி: வீட்டிலேயே இரட்டைப் பிளவு செய்யலாம்

ஒளி அலையாகப் பரவுகிறது என்று காட்டிய, விஞ்ஞானி தாமஸ் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைப் பரீட்சையில் படம் போட்டு விளக்கி மதிப்பெண் வாங்கியிருப்போம். அதில் வெளிச்சமும் இருட்டுமாக மாறிமாறி வரும் பட்டைகளைக் கண்ணால் பார்த்தோமா என்றால், நான் பார்த்ததில்லை. பல வருடம் கழித்துத்தான் வீட்டில் செய்து பார்த்தேன்.

தேவையானவை: ஆய்வகக் கண்ணாடி வில்லை (மைக்ரோஸ்கோப் ஸ்லைடு) ஒன்று, சவர பிளேடு இரண்டு, கற்பூரம், சிவப்பு லேசர் பாயின்டர், துணி கிளிப்புகள், டேப்.

கரி பூசுதல். வில்லையின் ஓரத்தைக் கிளிப்பால் பிடித்து, எரியும் கற்பூரத்தின் சுடர் நுனியில் காட்டுங்கள். கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; ஒரே இடத்தில் காட்டினால் கண்ணாடி விரிசல் விடும். மெழுகுவர்த்தியிலும் கரி பிடிக்கும், ஆனால் கற்பூரம் சீக்கிரம் பிடிக்கும். ஆசைப்பட்டுத் தடிமனாகப் பூசாதீர்கள். என் முதல் வில்லையில் கோடு போட்டதும் கரி செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. பின்னால் இருப்பது தெரியாத அளவு கறுப்பு போதும். நன்றாக ஆறவிடுங்கள்.

கோடு கிழித்தல். சூட்சுமமே இங்கேதான். கரியில் கிழிக்கும் இரு கோடுகள்தான் பிளவுகள்; அவை மிக நெருக்கமாக இருக்க வேண்டும். அதை அளவுகோல் வைத்துக் கிழிக்க முடியாது. சவர பிளேடின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்தால், இரு கூர்முனைகளுக்கும் இடையே அதே 0.1 மி.மீ. தானாகவே கிடைத்துவிடும்! பிடிக்கும் பக்கத்தை டேப்பால் சுற்றிவிட்டு, அளவுகோல் ஓரமாக, அழுத்தாமல், ஒரே இழுப்பாக இழுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். ஒன்றாகிவிட்டதா? பரவாயில்லை, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். சற்றுத் தள்ளி, ஒற்றை பிளேடால் ஒரு கோடும் போட்டு வையுங்கள்.

பார்த்தல். அறையை இருட்டாக்கி, வில்லையைச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, கோடுகள் செங்குத்தாக இருக்கும்படி நிறுத்துங்கள். லேசரை அந்த இரு கோடுகள்மேல் விழச் செய்யுங்கள். யார் கண்ணிலும் படக்கூடாது; எதிரே நிலைக்கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் எதுவும் வேண்டாம்.

சாதாரண டார்ச்சை அப்படியே அடித்தால் பட்டை தெரியாது. அதன் ஒளி பல புள்ளிகளிலிருந்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் வருகிறது. லேசர் இல்லாத யங், 1803-ல் ஜன்னல் கதவில் ஊசித்துளை வழியே வந்த வெயிலை வைத்துத்தான் சமாளித்தார்.

சரி, சுவரில் என்ன தெரியும்? கிடைமட்டமாக வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், நடுநடுவே இருட்டு. இரு பிளவுகளிலிருந்தும் வரும் ஒளி அலைகளின் முகடும் முகடும் சேரும் இடம் வெளிச்சம். முகடும் அகடும் சேரும் இடம் இருட்டு. இப்போது வில்லையை நகர்த்தி ஒற்றைக் கோட்டுக்குப் போங்கள். நடுவிலிருந்த அந்த நெருக்கமான இருட்டு வரிகள் மறைந்து, அகலமான ஒளித்திட்டு ஒன்றுதான் நிற்கும். ஓரங்களில் மங்கலாகத் தெரிவது விளிம்பு விளைவு, அதாவது குறுகிய பிளவில் ஒளி வளைந்து பரவுவதால் வருவது.

அளத்தல். அடுத்தடுத்த இரு வெளிச்சப் புள்ளிகளின் இடைவெளிதான் பட்டை அகலம். ஒரு இடைவெளியை மட்டும் அளந்தால் பிசகும். நான்கை அளந்து வகுங்கள். அலைநீளம் = பிளவு இடைவெளி × பட்டை அகலம் ÷ சுவர் வரையான தூரம். எனக்கு நான்கு இடைவெளிக்கு 8 செ.மீ., அதாவது ஒன்றுக்கு 20 மி.மீ. கணக்குப் போட்டால் 667 நானோமீட்டர். லேசரின் லேபிளில் 650 என்றிருந்தது.