அக்கி வந்தால் முதல் மூன்று நாளை வீணாக்காதீர்கள்

விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது, சட்டை உரசினாலே சுரீர் என்கிறது, ஓரிரு நாள் கழித்து அதே இடம் சிவந்து நீர் கோத்த கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக முதுகிலிருந்து முன்பக்கம் வரை பட்டையாக ஓடுகின்றன என்றால், அது பெரும்பாலும் அக்கிதான். நடுமுதுகைத் தாண்டி மறுபக்கம் போவது அபூர்வம். எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் பதுங்கியிருந்து, வயது ஏறும்போதோ எதிர்ப்புச் சக்தி இறங்கும்போதோ மறுபடி கிளம்புகிறது.

கொப்புளம் தெரிந்த அன்றே டாக்டரைப் பாருங்கள். அசைக்ளோவிர் 800 மி.கி. தினம் ஐந்து வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 1000 மி.கி. மூன்று வேளை, 7 நாள் என்று எழுதுவது வழக்கம். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள், கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு அளவு குறையும்.

நம் ஊரில் அந்த மூன்று நாள் எங்கே போகிறது? குயவர் வீட்டில் காவி குழைத்து, சிங்கம் வரைந்து அக்கி எழுதிக்கொள்வதில். பூசினால் குளுகுளுவென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அக்கிப் புண் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறக்கூடியது, பேர் மட்டும் காவிக்குப் போய்விடுகிறது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் வேறு வைக்கும். பாட்டி விடவே மாட்டார் என்றால், முதலில் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, புண்ணைத் தொடாமல் ஓரமாக எழுதச் சொல்லுங்கள்.

எரிச்சலுக்குச் சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் பிழிந்து சற்று நேரம் போடலாம், ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். உடையாத கொப்புளத்தில் கேலமைன் லோஷன், வலிக்குப் பாராசிட்டமால், உடுத்தத் தளர்வான பருத்தி. குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். அந்த நீர் பட்டால் சின்னம்மை வராதவர்களுக்கு சின்னம்மை வரலாம், அதனால் பொருக்குத் தட்டும்வரை புண்ணை மூடி வைத்து, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் விட்டுத் தள்ளியிருங்கள்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டர், தள்ளிப்போட்டால் பார்வைக்கே ஆபத்து. காதில் வந்து முகம் ஒரு பக்கம் இழுத்தாலும் அதே அவசரம்தான்.

புண் ஆறிய பிறகும் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அந்த எரிச்சல் மாதக்கணக்கில் நிற்கும். இதற்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் மாதிரி நரம்பு வலி மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், 50 வயது தாண்டியவர்களுக்கு ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி இருக்கிறது, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. ஒருமுறை அக்கி வந்தவர்களும், முழுக்க ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.