இனப் பகையைப் பேசும் படத்தை எவ்வாறு பார்ப்பது?

இத்தகைய படங்களைக் கூர்ந்து பார்க்கப் பழக விரும்புவோர், ஸ்பைக் லீ இயக்கி 1989இல் வெளிவந்த ‘டூ த ரைட் திங்’ படத்திலிருந்து தொடங்கலாம். நியூயார்க் நகரின் புரூக்ளினில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு தெருவில், கோடையின் கடும் வெப்பம் வாட்டும் நாளில் கதை நிகழ்கிறது.

முதல் முறை பார்க்கும்போது நல்லவர் யார், கெட்டவர் யார் என்று தேடாமல், சண்டை எங்கே முளைக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். சால் நடத்தும் பீட்சா கடையின் சுவரில் இத்தாலிய அமெரிக்கப் பிரபலங்களின் படங்களே உள்ளன. அங்கு உண்பவர்களோ பெரும்பாலும் கறுப்பினத்தவர். எங்கள் மக்களின் படம் ஏன் இல்லை என்று ஓர் இளைஞன் கேட்க, கடை என்னுடையது என்கிறார் சால். இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

சாலின் மகன் பீனோவும் கடையின் கறுப்பின ஊழியன் மூக்கியும் பேசும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். கறுப்பினத்தவரை ஓயாமல் ஏசும் பீனோவுக்குப் பிடித்த விளையாட்டு வீரர் மேஜிக் ஜான்சன், பிடித்த நடிகர் எடி மர்ஃபி. இருவருமே கறுப்பினத்தவர். அவர்கள் வேறு என்று அவன் தடுமாறி விளக்குகிறான். தன் வெறுப்பை விட மனமில்லாத மனிதன் விதிவிலக்குகளை உண்டாக்கிக்கொள்வதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி வேறொன்றை நான் கண்டதில்லை.

ஒளிப்பதிவையும் கவனியுங்கள்: சிவந்த சுவர்களும் சாய்ந்த கோணங்களும் வெக்கையை நம் மீதும் ஏற்றுகின்றன.

முடிவில் கடையில் மூண்ட சண்டையை அடக்க வந்த காவலர் ஒருவர் தடியால் கழுத்தை நெரித்ததில், பெரிய ரேடியோவும் கையுமாகத் தெருவில் திரியும் கறுப்பின இளைஞன் ரேடியோ ரஹீம் இறக்கிறான், மூக்கி குப்பைத் தொட்டியை எறிந்து கடையின் கண்ணாடியை உடைக்கிறான், கடை எரிகிறது. படம் முடிந்தபின் நண்பர்களுடன் பேசும்போது, மூக்கி செய்தது சரியா என்பதிலேயே பேச்சு சுழன்றால், ரஹீமின் சாவைவிடக் கடை ஏன் முதலில் நினைவுக்கு வருகிறது என்று அவர்களையும் உங்களையும் கேளுங்கள். இச்சாவுக்கு நிஜ வாழ்வின் பின்னணியும் உண்டு: நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் கைதாகி, 1983இல் காவலர்களின் பிடியில் உயிரிழந்த கறுப்பின இளைஞர் மைக்கேல் ஸ்டூவர்ட்டின் குடும்பமும், லீ இப்படத்தைக் காணிக்கையாக்கிய குடும்பங்களுள் ஒன்று.

இறுதியில் திரையில் வரும் எழுத்துகளைத் தவறவிட வேண்டாம். வன்முறையை மறுக்கும் மார்ட்டின் லூதர் கிங்கின் கூற்றும், தற்காப்பு வன்முறையை நியாயப்படுத்தும் மற்றொரு கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் கூற்றும் அடுத்தடுத்து வருகின்றன. உங்கள் மனம் ஏற்க மறுக்கும் கூற்று எதுவோ, அதை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தை இரண்டாம் முறை பாருங்கள்.